மலையை எழுதியவர்கள்

மத்திய மலைநாட்டின் இயற்கையைப் பற்றியும் அங்கே நடந்து திரிவதைப் பற்றியும் இருநூறு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. வேட்டை நினைவுகள், பறவைக் கையேடுகள், தாவரப் பட்டியல்கள், உல்லாசப் பயணிகளுக்கான வழிகாட்டிகள் என்று அலுமாரி அலுமாரியாக அவை கிடக்கின்றன. ஹட்டன் கடைவீதியில் வாப்பாவின் புடவைக்கடை மேசையிலிருந்தே என் வாசிப்பு தொடங்கியது. அந்த நாளிலிருந்து இந்த நூல்களை ஒரு கேள்வியோடுதான் படித்து வருகிறேன். மலையைப் பற்றி எழுதியவர்கள் யாருக்காக எழுதினார்கள்? யாரிடம் கேட்டு எழுதினார்கள்? இந்தக் கேள்வி வெறும் இலக்கியக் கேள்வி அல்ல என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்ல முயல்கிறேன்.

என் அடுக்கில் முதலில் நிற்பவர் இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டவர் புத்தளக் கரையில் வந்து இறங்கினார். அப்போது ஆரியச் சக்கரவர்த்தியின் அதிகாரம் அங்கே நிலவியது. அரசர் பாரசீக மொழி அறிந்தவர் என்றும், விருந்தோம்பி உபசரித்தார் என்றும் பயணி சொல்கிறார். என்ன வேண்டும் என்று அரசர் கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்த மலைக்குப் போக வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுகோள். பல்லக்கும், வழி தெரிந்த நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், சுமை தூக்கிகளும் கிடைத்தார்கள். நாம் பாவா ஆதம் மலை என்றும், தமிழ்ச் சகோதரர்கள் சிவனொளிபாதமலை என்றும், சிங்கள மக்கள் ஸ்ரீபாத என்றும் சொல்லும் 2243 மீற்றர் சிகரத்துக்கு அவர் இவ்வாறு ஏறினார். மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று பாபாவின் பாதை, மற்றது மாமாவின் பாதை, அதாவது ஆதமுடையதும் ஹவ்வாவுடையதும். மாமா பாதை இலகுவானது, பாபா பாதை கடினமானது என்று இன்றைய மலையேற்ற வழிகாட்டி நூல் எழுதுவதைப் போலவே எழுதி வைத்திருக்கிறார்.

பாறையில் பொருத்தப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளையும் அவர் எண்ணுகிறார். பத்துச் சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவனுக்குத் தலை சுற்றி, விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் ஷஹாதா நாவில் வந்துவிடுமாம். பிறகு அட்டைக்கு வருகிறார். நீர்நிலை அருகே புல்லிலும் மரத்திலும் இருக்கும் அட்டை ஆள் நெருங்கியதும் பாய்ந்து ஒட்டிக் கொள்ளும் என்றும், ஊர்க்காரர் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிந்ததும் விழுந்துவிடும் என்றும் எழுதுகிறார். மஸ்கெலியாவிலோ நல்லதண்ணியிலோ மழைக்காலத்தில் கொழுந்தெடுத்த எவரும் இதைப் படித்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். சவர்க்காரமும் உப்பும் புகையிலையும் பின்னால் வந்து சேர்ந்தவை. முறை அதே முறைதான்.

நீண்ட வாலும் ஆணுக்குத் தாடியும் உள்ள கறுத்த குரங்குகளை அவர் கண்டதாகச் சொல்கிறார். மலைக் காட்டில் இன்றும் உள்ள அடர்ந்த ரோமமுடைய மந்தியை நினைக்காமல் இந்த வரிகளை வாசிக்க முடியாது. அதற்கு 1850இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட். பயணிக்கும் மருத்துவருக்கும் இடையில் ஐந்நூறு ஆண்டுகள். குரங்குகளுக்கு இலைத் தலைப்பாகை கட்டிய ஒரு தலைவன் உண்டு என்ற கதையையும் இப்னு பதூதா சேர்த்திருக்கிறார். ஆனால் அதைத் தமக்குச் சொன்னவர் யார் என்பதையும் கூடவே எழுதிவிடுகிறார். தாம் கண்டது வேறு, கேட்டது வேறு என்று பிரித்துவைக்கும் இந்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது.

அவருடைய பயணநூலில் இந்த மலையோடு சேர்ந்து வரும் யானைக் கதை நம்மவர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். ஷீராஸ் நகரத்து ஞானி ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் தம் சீடர்களுடன் ஸரந்தீபுக்கு வந்தார். காட்டில் வழிதவறிப் பசி தாங்காமல் சீடர்கள் ஒரு யானைக் குட்டியைக் கொன்று தின்றார்கள். ஷெய்கு தடுத்தார், தாமும் தொடவில்லை. இரவில் யானைக் கூட்டம் வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றது. ஷெய்கை முகர்ந்த யானையோ அவரைத் தும்பிக்கையால் எடுத்து முதுகில் வைத்து ஊர் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இதை வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. பத்தாம் நூற்றாண்டு ஞானி ஒருவரைப் பற்றிப் பதினான்காம் நூற்றாண்டுப் பயணி கேட்டெழுதிய கதை. இந்தக் காட்டில் யானைக்கு உரிமை உண்டு, நியாயம் கேட்கும் தகுதி உண்டு என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அடுத்த நானூறு, ஐந்நூறு ஆண்டுகளில் அந்த எண்ணத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1819இல் இராணுவ மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளிக்கு வந்தார். 1821இல் அவர் வெளியிட்ட நூலில் உள்நாட்டின் மண், காலநிலை, விலங்கு, நோய் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவைப் படையினர் உடல் தேறும் சுகவாசத்தலமாக்கினார். குளிர் தேடி மலைக்குப் போய் ஓய்வெடுத்தல் என்ற பழக்கம் இவ்வாறு இங்கே வேரூன்றியது. அதோடு வேட்டையும் வந்தது. வேட்டைக்குப் பின்னால் வேட்டை நூல்களும் வந்தன.

அவற்றில் மிகப் புகழ் பெற்றவர் சாமுவேல் பேக்கர். காய்ச்சலில் நலிந்து நுவரெலியாவுக்கு வந்து தேறியவர், 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் வேட்டை நாய்களையும் கொண்டுவந்து அங்கேயே குடியேறினார். 1854இல் ‘தி ரைபிள் அண்ட் த ஹவுண்ட் இன் சிலோன்’, 1855இல் ‘எய்ட் யியர்ஸ் வாண்டரிங் இன் சிலோன்’ என்று இரண்டு நூல்கள் எழுதினார். இங்கிலாந்தில் இவை பலமுறை மறுபதிப்பாயின. பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்கா போன அதே பேக்கர்தான். மஹா எலிய என்ற பழைய பெயரை இழந்து, ஆளுநர் வில்மட் ஹோர்ட்டன் பெயரைச் சுமக்கும் ஹோர்ட்டன் சமவெளியிலே ஒரு நீர்வீழ்ச்சி இன்றும் பேக்கர் பெயரில் நிற்கிறது.

பேக்கருக்கு எழுதத் தெரியும் என்பதை மறுக்க முடியாது. பனி மூடிய புல்வெளியில் மரையைத் துரத்தும் நாய்களின் ஓசை அவர் பக்கங்களில் கேட்கிறது. மண் வளத்தையும் காட்டையும் நீரையும் பற்றிக் கூர்மையாகவே கவனித்திருக்கிறார். அந்த மேட்டுநிலத்தில் யானைக் கூட்டங்கள் உலாவியதை அவர் எழுத்தால்தான் இன்று அறிகிறோம், ஏனெனில் இன்று அந்தச் சமவெளியில் யானை இல்லை. அவருக்கு முன்னர் பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்றார். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அரசாங்கமே யானைத் தலைக்குச் சன்மானம் கொடுத்த காலம் அது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் கணக்குத் தருகிறார்.

டெனன்ட் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1859இல் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய இரு தொகுதி நூலும், 1861இல் வந்த இயற்கை வரலாற்று நூலும் சாதாரண வாசகனுக்காக எழுதப்பட்ட அறிவியல். அவரும் அட்டையைப் பற்றி விரிவாக, படத்துடன் எழுதினார். நமக்கு முக்கியமான இன்னொன்றும் அவரிடம் உண்டு. யானை பிடிக்கும் பணிக்கர்களைப் பற்றிய பக்கங்கள் அவை. வடக்கு, கிழக்கு ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்களான இவர்கள் மான் தோல் அல்லது மரைத் தோலில் முறுக்கிய கயிற்றோடு காட்டுக்குள் போய், காட்டு யானையின் பின்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். ஒடிந்த கொப்பையும் மிதிபட்ட புல்லையும் பார்த்து யானை போன வழியைச் சொல்லும் அவர்களின் திறமையை டெனன்ட் வியப்போடு விவரிக்கிறார். ஏறாவூர்ப் பக்கத்தில் பணிக்கர் குடும்பங்களின் புகழ் நம் காலம் வரை நீடித்தது. யானை நூலில் பணிக்கரின் அறிவுக்கு இடம் உண்டு. ஆனால் நூலின் வாசகன் பணிக்கர் அல்ல. அவர் தகவல் தருபவர், வாசகன் இலண்டனில் இருக்கிறான். மலையைப் பற்றிய எழுத்து முழுவதிலும் இந்த ஏற்பாடே தொடர்ந்தது.

பேக்கர் ஊர் திரும்பிய காலத்தில் மலைகளில் கோப்பி மேலேறிக்கொண்டிருந்தது. காடு வெட்டி, எரித்து, நட்டார்கள். 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சை கண்டறியப்பட்டது. கோப்பி இலைத்துரு நோய். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இரண்டாண்டு ஆராய்ந்தார். காற்றைத் தடுக்க இடையில் மரங்கள் இல்லாமல், மலைக்கு மலை ஒரே பயிரை நெருக்கி நட்டதுதான் காற்றில் பறக்கும் வித்துகளுக்கு வழி திறந்துவிட்டது என்பதை அவருடைய அறிக்கைகள் எடுத்துக் காட்டின. கோப்பியைக் காப்பாற்ற அது பிந்திவிட்டது. 1867இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

இதற்கிடையே 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன யோசனையின் பேரில், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவதை அரசாங்கம் தடுத்தது. விஞ்ஞானி ஒருவரின் எழுத்து மலையின் தலையைக் காப்பாற்றிய சந்தர்ப்பம் என்று இதைச் சொல்லலாம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலையூற்றுக்கள் ஹோர்ட்டன் சமவெளிப் பகுதியில் இருக்கின்றன. அந்த மேட்டுக் காடு மேகத்தை வடித்து நீராக்குகிறது. மூடுபனி இலையில் மோதித் துளியாகி விழும் நீர், மழைமானியில் பதியும் நீருக்கு மேலதிகமானது. தேயிலைக்கு மேலே முகட்டில் இன்று ஒரு கறுத்த கோடாகத் தெரியும் காட்டைப் பார்க்கும்போது இந்த வரலாறும் சேர்ந்து தெரிய வேண்டும்.

1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. தோட்டத் துரைமாரும் வேட்டைக்காரருமே அதன் தொடக்க உறுப்பினர்கள். சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே என்ற கவலையில் பிறந்த சங்கம் மெல்ல மெல்ல இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. 1936இல் அது தொடங்கிய சஞ்சிகைக்கு ‘லோரிஸ்’ என்று பெயர், அதாவது தேவாங்கு. 1937இல் வன ஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதே 1937இல் பதிவான ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு பல பத்தாண்டுகள் அருகிக் காணாமலிருந்து, முதன்முறையாகப் புகைப்படத்தில் அகப்பட்ட செய்தி 2010இல் உலகத்துக்குச் சொல்லப்பட்டது.

பறவை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஜி. எம். ஹென்றி. 1891இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் பணியாற்றி, 1955இல் இலங்கைப் பறவைகளுக்கான வழிகாட்டி நூலைத் தாமே வரைந்த படங்களோடு வெளியிட்டார். அவர் வேலை பார்த்த அந்த நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் நம் வாப்பிச்சி மரைக்கார், 1877இல் திறக்கப்பட்டது. கைம்மாறு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமையில் மூட வேண்டும் என்று அவர் கேட்டதாக ஒரு கதை நம்மிடையே உண்டு. கட்டடத்தில் நமக்கு உள்ள பங்கைப் பெருமையோடு சொல்கிறோம். அந்தக் கட்டடத்துக்குள் வளர்ந்த இயற்கை வரலாற்றில் நம் மொழியின் பங்கு என்ன என்று அதே ஆர்வத்தோடு கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்காக அச்சான தமிழ் நூல்களில் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. இங்கிலாந்திலிருந்து புதிதாக வரும் சின்னத்துரை, தொழிலாளியை ஏவுவதற்குக் கற்க வேண்டிய தமிழ் அதில் இருந்தது. மலையில் தமிழ் கட்டளை வாங்கும் மொழியாகப் புத்தகத்தில் ஏறியது. காட்டையும் மண்ணையும் விளக்கும் மொழியாக ஏறவில்லை. ஆனால் வாய்மொழியில் நிலைமை வேறு. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் மலையைப் பற்றிய சொற்கள் நிறைய உள்ளன. ‘மலை’ என்பதே அங்கு தேயிலை நிரையைக் குறிக்கும், “இன்னைக்கு எந்த மலை?” என்று கேட்டால் எந்த இடத்தில் கொழுந்து என்று பொருள். சவுக்கு என்றால் தேயிலைக்கு இடையில் நிற்கும் கிரெவிலியா. மானாப் புல் என்றால், கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய பின் மண் தேறுவதற்காக நடும் புல். கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு ஒவ்வொன்றும் ஒரு விவசாய விஞ்ஞானப் பாடம்.

கான்வெட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தை ஒட்டி மிக இலேசான சாய்வோடு வெட்டப்படும் வடிகால்தான் கான். இடையிடையே மண் தங்குவதற்குக் குழி விடுவார்கள். எங்கள் கடைக்குச் சம்பள நாளில் வந்து சாரமும் துவாயும் வாங்கும் ஒரு முதியவர் நாற்பது ஆண்டு கான் வெட்டியவர். ஏன் தாத்தா நேரே கீழே வெட்டிவிடக் கூடாது என்று சிறுவயதில் கேட்டேன். “தண்ணி ஓடக் கூடாது தம்பி, நடக்கணும். ஓடுனா மண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்” என்றார். மண்ணரிப்பைப் பற்றி நான் பிற்காலத்தில் படித்த பாடப்புத்தகங்கள் எதிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. கான் தூர்ந்துபோக விட்ட மலையில் தண்ணீர் எங்கே இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவரைக் கேட்டு ஒரு பக்கம் எழுதியவர் யாருமில்லை.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர்கள் இலக்கியக்காரர்கள். புண்டலுஓயா மடகும்பர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய கவிதையை சக்தி பால-ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்குத் தந்தார். சி.வி. தொகுத்த மலையக நாட்டார் பாடல்களில் குளிரும் அட்டையும் கோப்பிப் பழமும் காட்டுப் பாதையும் மனிதரின் துயரத்தோடு சேர்ந்து வருகின்றன. அவற்றை நாம் துயரத்தின் பதிவாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். சுற்றுச்சூழல் வரலாற்றின் ஆவணமாகவும் அவற்றை வாசிக்கலாம். காடு எப்போது போயிற்று, எந்த விலங்கு எங்கே வந்தது, எந்த மாதத்தில் என்ன மழை என்பதற்கு அங்கே சாட்சி உண்டு.

நம் காலத்துக்கு வருவோம். ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010இல் சிவனொளிபாத வனப்பகுதி, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உலக முடிவைப் பார்க்க விடியற்காலையிலேயே வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் மஞ்சள் பூப் பூத்து அழகாக நிற்கும் கோர்ஸ் என்ற முட்செடி ஆங்கிலேயர் கொண்டுவந்து புல்வெளியைத் தின்னும் செடி என்பதும், ஓடையிலுள்ள டிரவுட் மீன் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விடப்பட்டது என்பதும், 1970களிலிருந்து மேட்டுக் காட்டில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வருவதை ஆய்வாளர் கவனித்து வருகிறார்கள் என்பதும் படம் எடுத்துத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரிகிறது?

2023இல் ‘பெக்கோ டிரெயில்’ என்ற நடைபாதை முழுமையாக அறிமுகமானது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் அதிகம். தோட்டங்களுக்கிடையே கொழுந்தும் ஆட்களும் போய்வந்த பழைய பாதைகளை இணைத்ததுதான் இது. வெளிநாட்டுப் பயணச் சஞ்சிகைகள் பாராட்டி எழுதின. ஊருக்கு வருமானம் வந்தால் எனக்கும் மகிழ்ச்சியே. அதே 2023இல் இன்னொரு நடையும் நடந்தது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையில் முடித்தார்கள். முன்னோர் பசியிலும் வாந்திபேதியிலும் மாண்டு நடந்த வழியை நினைவுகூரும் நடை அது. ஒரே ஆண்டில் ஒரே மக்களின் கால்தடத்தில் இரண்டு நடைகள். ஒன்றுக்கு அழகிய வரைபடமும் வழிகாட்டிக் குறிப்பும் உண்டு. மற்றதைப் பற்றிய குறிப்பும் அந்த வரைபடத்தில் ஏற வேண்டாமா?

சிறுத்தை விடயத்திலும் இதே இடைவெளிதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டி, சில நாளில் இறந்துபோனது. பன்றிக்கு வைக்கும் சுருக்கில் சிறுத்தை மாட்டுவது மலையகத்தில் அடிக்கடி நடக்கிறது. டன்கெல்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஆய்வு செய்தவர்கள், சிறுத்தை தேயிலை வழியாகவே ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அதன் முதல் அயலவர் கொழுந்தெடுக்கும் பெண்கள். சிறுத்தை எந்த நேரத்தில் நடமாடும், நாயை ஏன் தேடி வருகிறது, குட்டியோடு கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பவை முதலில் பெரட்டுக் களத்தில், அவர்கள் மொழியில் சொல்லப்பட வேண்டியவை.

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் ஒத்திவைத்த விடயத்துக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தெரிந்திருந்தது, அறிக்கையும் இருந்தது. அறிக்கைக்கும் லயத்து வாசலுக்கும் இடையில்தான் உயிர்கள் போயின. மாற்று வீடும் மாற்று நிலமும் இல்லாத மக்களிடம் எச்சரிக்கை மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது என்பதும் உண்மை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் கொண்டுவந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் சரிவுகளால் சிதைந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது.

சரிவு எச்சரிக்கையின் கணக்கு பெரிய இரகசியமல்ல. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிறங்கள் இவற்றையே குறிக்கின்றன. மழைமானி இல்லாவிட்டாலும் மலை சில அடையாளங்களைக் காட்டும். நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு விழும். மரமும் மின்கம்பமும் சாயும். ஊற்றே இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்றுக் கிளம்பும். ஓடிய ஊற்று நின்றுபோகும் அல்லது கலங்கி வரும். கதவு நிலையில் இறுகும். அந்தக் கான்வெட்டுத் தாத்தா உயிரோடிருந்தால் இந்தப் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன். இதை அரைப் பக்கத்தில் எழுதலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் இரண்டு நிமிடத்தில் சொல்லலாம்.

நம் இலக்கிய வட்டத்தில் அறிவியல் எழுத்தை இரண்டாந்தர வேலையாகப் பார்க்கும் மனப்பான்மை இருக்கிறது. கவிதையும் கதையும் எழுதியவர் ‘வெறும்’ தகவல் எழுதத் தயங்குகிறார். ஆனால் நம் மரபின் முன்னோடிப் பயணி இந்த மலையில் ஏறியபோது இரண்டையும் பிரிக்கவில்லை. கலிமாச் சங்கிலியும் எலுமிச்சம்பழமும் ஒரே நூலில் இருக்கின்றன. ஊர்க்காரரிடம் கேட்டார், கேட்டவர் பெயரைச் சொன்னார், அடுத்து வருபவனுக்கு உதவும்படி எழுதினார். இந்த மூன்றும் போதும்.

மலையகத்தில் நம்மவர்கள் கடை வைத்திருக்கிறார்கள், பாடசாலைகளில் கற்பிக்கிறார்கள், பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். தோட்ட மக்களோடு ஒரே மொழியில் பேசுகிறோம். கடன் கொப்பியில் அவர்கள் பெயரை மூன்று தலைமுறையாக எழுதி வந்திருக்கிறோம். இன்னொரு கொப்பியைத் திறப்பது கடினமல்ல. ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு மலைக்கும் மக்கள் வைத்த பெயர், நிற்கும் மரம், வரும் பறவை, ஊற்று இருக்கும் இடம், எந்த ஆண்டில் எங்கே மண் இறங்கியது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். அதை மூன்று மொழியிலும் அச்சிட்டால் உல்லாசப் பயணிக்கும் அது வழிகாட்டியாகும். முதற் பிரதி லயத்து வாசலில் கொடுக்கப்பட வேண்டும்.